கோட்டை விட்டவர்

மெத்தைக் கடை விற்பனையாளர் காபி டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு அறிவித்தார்.

"இனிமே பஸ் கிடையாது. சைக்கிள்லதான் வேலைக்குப் போவேன்."

வெளியே மூடுபனி. எதிர்வீடே கண்ணுக்குத் தெரியவில்லை.

"இந்தக் குளிர்லயா?" என்றாள் மனைவி.

"உடம்பு இளைக்கணும்ல!"

உடம்பாவது, இளைப்பதாவது! கடை கேஷியர் புதிதாக வாங்கிய கம்பளிக் கோட்டுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தன் சம்பளத்தில் வாங்க அவருக்கு மனசு வரவில்லை. மனைவி தன் சம்பளத்தில் சேர்த்து வைத்தது இருக்கிறதே! நாலு நாள் சைக்கிளில் போய், பல் தந்தியடிக்க வாசலில் வந்து நின்றால் அவளே பதறிப்போய் வாங்கித் தருவாள். அப்புறம் கோட்டோடு பஸ் ஏறலாம். இப்படியாக மனுஷன் மனக்கோட்டை கட்டினார். தான் படுத்தே பார்க்காத மெத்தையைப் பாதி ஊருக்கு விற்றவருக்கு, பெண்டாட்டியிடம் ஒரு நடுக்கத்தை விற்கத் தெரியாதா?

முதல் நாள் சாயங்காலம் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் விரலில் உணர்ச்சி இல்லை.

"நல்லதா ஒரு கோட்டு இருந்தா..." என்று இழுத்தார்.

"கோட்டு எதுக்கு? நாளைக்கு நான் அனுப்பறேன் பாருங்க."

மறுநாள் காலையில் அவரை நிற்க வைத்துப் பொட்டலம் கட்டினாள். சட்டைக்குள் செய்தித்தாள். பழைய ஸ்வெட்டரின் கைகளை வெட்டி முழங்காலுக்கு மாட்டினாள். காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ஷூ. கைக்குப் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறை. எதையும் நெஞ்சில் வைத்துக்கொள்ளாத மனுஷனுக்கு அன்று நெஞ்சு கொள்ளாத செய்தி.

"முதுகுக்கும் ரெண்டு தாள் வைம்மா."

"ஒண்ணு போதும். ரொம்ப வெச்சா வேர்க்கும். அந்த ஈரமே அப்புறம் குளிரும்."

பாலம் ஏறும்போது உதறலெடுக்கும் என்று ஆசையோடு காத்திருந்தார். வரவில்லை. கடையில் சட்டைக்குள்ளிருந்து தாளை உருவியபோது கேஷியர் கேட்டார்: "இன்னிக்குப் பேப்பரா சார்?"

அன்று சாயங்காலம் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

"முடியலம்மா. செத்துடுவேன் போலக் குளிருது."

அவள் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுவென்று வியர்வை.

"உங்களுக்குத்தான் குளிர் விட்டுப்போச்சே!"

"இந்த வித்தையெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்றார் எரிச்சலாக.

"நடந்து."

"எங்கே நடந்து?"

"வேலைக்குத்தான். மூணு குளிர்காலமா."

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அது பாலத்துக்கு அந்தப் பக்கம். பஸ் ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டு அவர் தினமும் தாண்டிய அதே பாலம். அவள் எப்படிப் போய்வருகிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"சொல்லியிருக்கலாமே," என்றார். குரல் இறங்கிவிட்டது.

"சொன்னேன். வீட்டுக்கு ஒரு பஸ் பாஸ்தான் கட்டுப்படியாகும்னுட்டு நீங்க பேப்பரைப் பிரிச்சீங்க."

அவர் ரப்பர் உறையை ஒவ்வொரு விரலாக உருவினார்.

"சரி, இந்தக் கூத்து போதும். நாளைக்கு நான் பஸ்லயே போறேன்."

"பாஸை இன்னிக்கே என் பேருக்கு மாத்திட்டேன்," என்றாள் அவள், நாளைக்கான தாளை மடித்துக்கொண்டே. "அப்புறம், பாலத்துல பஸ் பக்கத்துல வந்தா மணி அடிக்காதீங்க. நான் தூங்கிட்டிருப்பேன்."