லப்டொப்புக்கு ஐஸ் வைத்த கதை

திரையில் ஓர் எண் தெரிந்தால் அதை அப்படியே நம்பிவிடும் வியாதி எனக்கு உண்டு. இப்போது பரவாயில்லை. இருபத்திரண்டு வயதில் அது முற்றிய நிலையில் இருந்தது.

அப்போது மன்னார் ரவுணில், நஸீர் நானாவின் கணினி திருத்தும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், அடம்பனிலிருந்து கௌசல்யா ரீச்சர் லப்டொப்போடு வந்தார். கணக்கு ரீச்சர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

"தங்கச்சி, இது சரியான மெதுவாப் போகுது. திங்கட்கிழமை வலயக் கல்விக் கந்தோரில இருந்து என்ர பாடம் பார்க்க வருகினம். பாடம் முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு. பார்ப்பீங்களோ?"

"ஓம் ரீச்சர், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். (நானா வரட்டும் என்று சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டியே வந்திராது.)

புரொசெசரின் வேகத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி ஓடவிட்டேன். ஒரு கணம் நானூறு மெகாஹேர்ட்ஸ் என்றது. அடுத்த கணம் ஒன்பதாயிரம் என்றது. இடைக்கிடை ஒரு சின்னப் பெட்டி திரையில் எழும்பி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. 'யெஸ்' அழுத்தினேன். திரும்ப வந்தது. திரும்பவும் 'யெஸ்'. (பெட்டியை வாசிப்பது புதியவர்களின் வேலை என்பது மூன்று வார அனுபவசாலியின் எண்ணம்.)

"சூடு ரீச்சர்" என்றேன். சூடேறினால் புரொசெசர் தன் வேகத்தைக் குறைக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். அந்த ஒன்பதாயிரத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை. ஆகவே அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ரீச்சர் தொட்டுப் பார்த்தார். "சுடேல்லையே?"

"இது உள்சூடு" என்றேன், பெரிய டொக்டர் மாதிரி.

பள்ளிமுனையில் நண்டு வியாபாரம் செய்யும் என் அண்ணன் அன்ரனுக்குப் போன் எடுத்தேன். "அண்ணா, ரெண்டு பை ஐஸ் கொண்டு வாங்கோ."

"ஆருக்கு என்ன நடந்தது?"

"லப்டொப்புக்கு."

"லப்டொப்புக்கோ?" என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு "வாறன்" என்றான்.

நண்டுப் பெட்டிக்குள் கிடந்த இரண்டு ஐஸ் பைகளோடு அண்ணன் வந்தான், ஒன்றை லப்டொப்பின் அடியில் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். மற்றதைக் கீபோர்டின்மேல் வைத்தேன். எண்களின் துள்ளல் நிற்கவில்லை. பெட்டி மட்டும் விடாமல் வந்தது. ரீச்சர் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது என்ன கேக்குதெண்டு வாசிச்சனீங்களோ? 'வேற ஒரு புரோகிராம் கவுண்டர்களைப் பாவிக்குது, நான் பறிச்செடுக்கட்டோ' எண்டு கேக்குது. நீங்கள் ஓம் ஓம் எண்டு குடுத்துக்கொண்டிருக்கிறீங்கள். ஆர் அந்த வேற புரோகிராம்?"

அந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். அன்டிவைரஸை நிறுத்தியதும் எண் இரண்டாயிரத்து நானூற்றில் அசையாமல் நின்றது. திரும்ப ஓடவிட்டோம், துள்ளியது. ரீச்சர் மூன்று தரம் செய்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

விஷயம் இதுதான். புரொசெசருக்குள் அதன் வேலையை எண்ணும் கவுண்டர்கள் சில இருக்கின்றன. கள்ளப் புரோகிராம்களை மோப்பம் பிடிக்க அன்டிவைரஸ் அவற்றைப் பாவித்தது. வேகத்தைக் கணக்கிட என் மென்பொருளும் அவற்றையே பாவித்தது. ஒன்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே மற்றது அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். நான் பார்த்தது வேகமே அல்ல, அந்த இழுபறியை. புரொசெசர் குத்துக்கல்லாட்டம் நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப ஏன் மெதுவாப் போகுது?" என்றார் ரீச்சர். பார்த்தோம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வீடியோக்களால் டிஸ்க் நிரம்பி வழிந்தது. அவ்வளவுதான்! நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது நண்டு மணம் வந்தது. திரை ஒருமுறை மின்னிவிட்டு இருண்டது.

அண்ணன் கீபோர்டின்மேல் இருந்த பையைத் தூக்கிப் பார்த்தான். "பெட்டிக்குள்ளயே பையை நண்டு கிழிச்சுப்போட்டுது" என்றான் மெதுவாக.

ரீச்சரின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "என்ர பாடம்…" என்றார். நான் துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினேன். தொப்பியோடு வாசலில் வந்து நின்ற நானா, தண்ணீர் சொட்டும் லப்டொப்பைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே! என்ன புள்ள இது, ஏற்றுமதிக்கோ?"

பேசிக்கொண்டே லப்டொப்பைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து வேறொரு கணினியில் பூட்டினார். பாடம் பத்திரமாக இருந்தது. ரீச்சர் மூச்சு விட்டார், நான் அழுதேன். திங்கட்கிழமைக்குக் கடை லப்டொப்பைக் கொடுத்தனுப்பினார் நானா. பாடம் நன்றாகப் போனது. என் ஒரு மாதம் மட்டும் இரண்டு மாதமானது. வருகிற பெட்டியையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும் என்பது புது நிபந்தனை.

காய்ந்து, புதுக் கீபோர்ட் போட்ட லப்டொப்பை அடம்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அண்ணன். கிழிந்தது தன் பை என்பதால் அது தன் பொறுப்பாம். அடுத்த கிழமை, அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கப் போனான். அதற்கடுத்த கிழமையும் போனான். (கீபோர்டை அத்தனை தரம் யார் பார்ப்பார்கள்?) இரண்டு வீட்டிலும், கோயிலா தேவாலயமா என்று கொஞ்சக்காலம் இழுபட்டு, கடைசியில் கௌசல்யா ரீச்சர் எனக்கு அண்ணியானார்.

போன மாதம் அவர்களின் மகளுக்குக் காய்ச்சல். பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் பிள்ளை போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கத்தினாள்:

"அம்மா, மாமி வாறா! எனக்குச் சுடேல்லையெண்டு சொல்லுங்கோ!"