சோபா ஆன்டியும் சிவந்துபோன மீன் கறியும்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தேடினாலும், ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரரை விட்டுவிட்டு முதலில் சோபாவை நலம் விசாரிக்கிற ஆள் ஒருவர்தான் கிடைப்பார். அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சோபா ஆன்டி என்று எழுதினால் கடிதம்கூட வந்து சேர்ந்துவிடும். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆனால் எழுபது வயதுப் பெரியவர்களுக்கும் அவர் ஆன்டிதான்.

வீடு வீடாகப் போய் சோபா, நாற்காலி, மெத்தை சுத்தம் செய்வது அவர் தொழில். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கட்டி, அதன் தலையில் ஒரு ஹெல்மெட்டையும் மாட்டிவிடுவார். ஒரு போலீஸ்காரர் நிறுத்திக் காரணம் கேட்டாராம். "எனக்கு அடிபட்டா ஆஸ்பத்திரி இருக்கு துவான், இதுக்கு ஏது?" என்றாராம் ஆன்டி.

வீட்டுக்குள் போனதும் சோபாவைத் தட்டி, "எப்படிம்மா இருக்க?" என்பார். பிறகு மல்லாந்து படுத்து அதன் அடியில் நுழைந்துவிடுவார். கால்கள் இரண்டு மட்டும் வெளியே தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். அவர் தேடுவது அடியில் தைத்திருக்கும் சின்னச் சீட்டை. அதில் டபிள்யூ என்று இருந்தால் தண்ணீர் படலாம். எஸ் என்று இருந்தால் தண்ணீர் கூடவே கூடாது. அவர் சொல்லும்வரை நான் அதை விலைச்சீட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

சீட்டைப் பார்த்தாலும் முழுசாக நம்பமாட்டார். யார் கண்ணிலும் படாத பின்மூலையில் ஒரு சொட்டு மருந்து வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றி, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். அது காயும்வரை வேலையைத் தொடமாட்டார். சோபாவில் உட்காரச் சொன்னால் தரையில்தான் உட்காருவார். "டாக்டர் போய் நோயாளி மேல உட்காருவாரா?"

ஒருமுறை அவருடைய மோட்டார் சைக்கிள் படுத்துவிட்டது. நான் என் வேனில் கிள்ளானுக்குக் கொண்டுபோய் விட்டேன். பெரிய பங்களா. தோல் சோபா பளபளக்கட்டும் என்று அந்த வீட்டம்மா ஆறு மாதமாக அதற்கு நல்லெண்ணெய் தடவி வந்திருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்தாலும் அவர் கால்சட்டை எழ மறுத்தது.

"ஏன் அக்கா, இது என்ன சாமி சிலையா, எண்ணெய்க் காப்பு சாத்துறதுக்கு?"

"பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

"தோலுக்கு லேசான ஈரத்துணி, உடனே காஞ்ச துணி. வெயில் படாம வைங்க. அவ்வளவுதான் லா. உங்க தலைக்குக்கூட இவ்வளவு எண்ணெய் வச்சிருக்க மாட்டீங்க."

சண்டை வரும் என்று பயந்து நான் வாசலுக்கே போய்விட்டேன். திரும்பி எட்டிப் பார்த்தால், அந்த அம்மா ஆன்டிக்கு இரண்டாவது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதே வீட்டில் ஒரு வெல்வெட் நாற்காலி. சுருக்கம் போகட்டும் என்று வீட்டுக்காரர் அதற்கு இஸ்திரி போட்டுவிட்டார். பெட்டியின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. ஆன்டி சற்றுத் தள்ளி நின்று ஆவி காட்டி, மெல்லிய பிரஷால் ஒரே பக்கமாகத் தடவினார்.

"பூனையைத் தடவுற மாதிரி தடவணும் அங்கிள். எதிர்ப்பக்கமா தடவினா பூனை என்ன பண்ணும்?"

"கடிக்கும்."

"இது கடிக்காது. ஆனா ஆயுசுக்கும் முறைச்சுக்கிட்டே இருக்கும்."

இதெல்லாம் மற்றவர் வீட்டுக் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கே வந்தது.

என் மனைவி பள்ளிக் கேன்டீனில் வேலை பார்த்து, தானே தேர்ந்தெடுத்து வாங்கியது எங்கள் சோபா. இரண்டு பேர் உட்காரலாம். வெள்ளைக்குக் கொஞ்சம் குறைவான நிறத்தில் லினன் துணி. கடையிலிருந்து வந்தபோது இருந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு வருடமாக அவள் கழற்றவில்லை. உட்கார்ந்தால் கரகரக்கும், தொடையில் ஒட்டிக்கொள்ளும். வாங்கியவளே அதன் துணியைத் தொட்டுப் பார்த்ததில்லை.

ஈப்போவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவள் அன்று மாலை நாலு மணிக்கு வந்துசேரும் ரயிலில் வரவேண்டும். நான் காலையில் புழுக்கம் தாங்காமல் உறையைக் கழற்றிவிட்டு, மீன் கறியோடு ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தேன். கிண்ணம் சோபாவின் கைப்பிடியில் கவிழ்ந்தது. சலவைத் தூளைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை என் கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறியது.

எனக்கு யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லை. ஆன்டி வீட்டுக் கதவுவரை போய், தட்டாமல் மூன்று முறை திரும்பினேன். நான்காவது முறை அவரே திறந்தார்.

"என்ன தம்பி, என் வாசல்லயா நடைப்பயிற்சி?"

வந்து பார்த்தவர் இடுப்பில் கை வைத்தார். "கொலை நடந்த வீடு மாதிரி இருக்கு. யாரு செத்தது?"

"மீன்தான் ஆன்டி."

"மஞ்சள்ல சோப்பு பட்டா சிவக்கும் தம்பி. குங்குமமே மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்துத்தானே பண்றாங்க? கரண்டியால வழிச்சு எடுத்துட்டு என்னைக் கூப்பிட்டிருக்கணும். தேய்ச்சா கறை உள்ளே குடிபோயிடும்."

சோபாவை நலம் விசாரித்தார். அடியில் நுழைந்தார். பின்மூலையில் சோதித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பார்க்கவில்லை. காய்ந்த பிறகுதான், வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். சிவப்பு மறைந்து மஞ்சள் மட்டும் நின்றது.

"இனி என் வேலை இல்ல. மஞ்சளை வெயில்தான் தின்னணும். தூக்குங்க."

லிஃப்டில் சோபாவை நிமிர்த்தி வைத்துக் கீழே இறக்கி, கார் நிறுத்துமிடத்தில் போட்டோம். கட்டடத்தின் நிழல் நகர நகர, நாங்களும் சோபாவைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் பின்னால் நகர்ந்தோம். ஒரு இளைஞர் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"ஆன்டி, இது பார்க்கிங் லா."

"தெரியுது பாஸ். அதுக்கு நாலு சக்கரம், இதுக்கு நாலு காலு. கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

அவர் தள்ளிப் போட்டதோடு நிற்காமல், அடுத்த முறை தூக்கவும் வந்தார்.

மூன்று மணிக்கு மேகம் வந்தது. ஆன்டி அதை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அது போய்விட்டது என்றே இன்றுவரை நம்புகிறேன். நாலரைக்கு மஞ்சள் வெளுத்து, இளநிறத்தில் ஒரு வட்டமாக நின்றது.

"இன்னும் ரெண்டு நாள் வெயில் காட்டினா போயிடும்" என்றார் ஆன்டி.

"பழைய கறைன்னு சொல்லிடலாமா ஆன்டி?" என்று கேட்டேன்.

"சோபா பத்தி மட்டும்தான் நான் பேசுவேன் தம்பி. உங்க பொய்க்கு என்கிட்ட மருந்து இல்ல."

அந்த நேரம் பார்த்து என் மனைவி வந்த வாடகைக் கார் உள்ளே நுழைந்தது. இறங்கியவள் தன் சோபாவை இரண்டு கார்களுக்கு நடுவில், உறையில்லாமல் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் உறையைக் கழற்றினேன். கறியும் நான்தான் கொட்டினேன்" என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் மிக நீளமான பேச்சு அதுதான்.

அவள் குனிந்து கைப்பிடியைத் தொட்டாள். வட்டத்தை விட்டுவிட்டுத் துணியை மட்டும் வெகுநேரம் தடவினாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

"இவ்வளவு மெத்துன்னா இருந்துச்சு இது?"

"உள்ளே இன்னும் ஈரம், எழுந்திரு" என்று அதட்டினார் ஆன்டி. அவள் எழுந்திருக்கவில்லை. அந்த உறை மறுபடி சோபாவுக்கு ஏறவும் இல்லை.

மிச்சக் கறைக்கு மறுபடி வெயில் காட்ட அவளே வேண்டாம் என்றுவிட்டாள். சோபா ஆன்டி இப்போதும் மாதம் ஒருமுறை வந்து, எங்களைக் கண்டுகொள்ளாமல், சோபாவைத் தட்டி, "எப்படிம்மா இருக்க?" என்று கேட்கிறார். யார் கேட்டாலும் பதில் சொல்லத் தயங்குகிற நான், அதற்கு மட்டும் முந்திக்கொண்டு சொல்கிறேன்: "நல்லா இருக்கோம் ஆன்டி."