இன்னும் வாங்காத கணினி

மனிதர்களில் ஒரு வகை உண்டு. மொட்டை மாடியில் காற்றுமானி, மழைமானி, வெப்பமானி எல்லாவற்றையும் நட்டுவைத்து, அவை சொல்வதை ஓயாமல் பதிவுசெய்ய, மின்சாரமும் தின்னாமல் பழுதும் ஆகாமல் ஓடக்கூடிய ஒரு கணினியை ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும் வகை. மழை வந்தால் நீங்களும் நானும் குடையைத் தேடுகிறபோது இவர்கள் மட்டும், என்று தொடர எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் ‘நானும்’ என்பது பொய். இந்த வகைக்கு நானே நல்ல மாதிரி. தயங்காமல் கிட்ட வந்து பாருங்கள், கடிக்க மாட்டேன்.

எங்களுக்கு மழை அவ்வளவு முக்கியமில்லை. மழையை எழுதிவைக்கும் பெட்டிதான் முக்கியம். முதலில் பழைய மேசைக் கணினியை ஓடவிட்டேன். லாரி மாதிரி இரைந்தது. மின்கட்டணம் வந்த அன்று என் மனைவி நேரே வந்து பிளக்கைப் பிடுங்கினாள். அடுத்து மடிக்கணினி. எந்நேரமும் சார்ஜிலேயே கிடந்ததில் பேட்டரி உப்பி, மூடி மூட மறுத்தது. பிறகு வந்தது, உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கணினி. சின்ன எல்இடி பல்புக்கு ஆகும் மின்சாரம் அதற்குப் போதும். கல்யாணமான புதிதில்கூட என் முகத்தில் அப்படியொரு பூரிப்பைப் பார்க்கவில்லை என்று மனைவி இன்றும் சொல்வாள். ஆனால் அது எழுதியதெல்லாம் நகத்தளவு மெமரி கார்டில். எழுதி எழுதித் தேய்ந்திருந்த அந்தக் கார்டு, ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் வாயை மூடிக்கொண்டது.

புதுக் கார்டு போட்டேன். நன்றாக ஓடியது. அங்கேதான் சிக்கல். நன்றாக ஓடுகிற எதையும் நாங்கள் நம்ப மாட்டோம். மின்விசிறியே இல்லாத ஒரு கெட்டியான பெட்டிக் கணினியைப் பற்றி இணையத்தில் எங்கள் ஆட்கள் புகழ்ந்திருந்தார்கள். வரவழைத்தேன். பழையதைக் கழற்றினேன். திருகாணிகளை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, புதியதில் எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று யோசித்துக்கொண்டே சில நாட்களைக் கழித்தேன்.

வந்தது மழை. எப்படிப்பட்ட மழை! தெரு கால்வாயானது. பள்ளத்தில் இருக்கும் தையற்காரரின் கடைக்குள் தண்ணீர் புகுந்து, தைத்து அடுக்கிவைத்திருந்த பள்ளிச் சீருடைகள் அத்தனையும் சேற்றில் ஊறின. பள்ளி திறக்கும் நாளுக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருட ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும்.

மறுநாள் காலை வடிகால் பொறியாளர் வந்து பார்த்தார். குழாயை மாற்றச் சொல்லி மேலே எழுதலாம், ஆனால் வானிலை நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கே பதிவானது வெறும் தூறல், இந்தத் தெருவில் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்று ஆதாரம் வேண்டும் என்றார். தெருவே திரும்பி என் மொட்டை மாடியைப் பார்த்தது.

தையற்காரரின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. “அண்ணன் வீட்டு மாடியில மிஷின் சுத்துது சார். அவர்கிட்ட எல்லாம் பதிவாகியிருக்கும்.”

“அளந்தது,” என்றேன். “எழுதலை. கம்ப்யூட்டர் மாத்திக்கிட்டிருந்தேன்.”

தையற்காரர் திரும்பிப் போய்ச் சீருடைகளை எடுக்கக் குனிந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம். பொறியாளர் மட்டும் நெருங்கி வந்து, துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: “மெமரி கார்டு போயிடுச்சா சார்? எனக்கும் மூணு போச்சு.”

புரிகிறதல்லவா? அவரும் எங்கள் ஆள்!

அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் தெரு தெரியவில்லை. மாடிக்குப் போனோம். என் பெட்டி வெயிலில் சூடேறும் என்று அவர் சொன்னார், ஏறாது என்று நான் சாதித்தேன். எது குறைவாக மின்சாரம் குடிக்கும் என்பதில் நாங்கள் சொந்தக்காரர்கள் போல முட்டிக்கொண்டபோது, கீழே தையற்காரர் சீருடைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தார்.

மனைவி படியேறி வந்தாள். குரலை உயர்த்தவில்லை. “கடைச் சுவத்துல தண்ணி நின்ன கறை இடுப்பளவு இருக்கு. காயறதுக்குள்ள வந்து அளந்துட்டுப் போங்க சார். என்னங்க, நீங்க வந்து துணி அலசுங்க.”

இருவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினோம். பொறியாளர் டேப்பை நீட்டி அளந்தார், படம் எடுத்தார், அந்தக் கறையை வைத்தே எழுதியும் அனுப்பினார். நான் அன்று முழுக்கச் சேற்றுத் துணியை அலசினேன். மறுநாள் இஸ்திரி போட்டேன். ஒரு காலரைத் தீய்த்தது போக, மற்றவை குறித்த நாளில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. சில மாதம் கழித்துப் பெரிய குழாயும் வந்தது. அதைப் பதிக்கிறபோது தையற்காரர் என் பக்கத்தில் நின்று, “அடுத்த மழையையாவது மிஷின் எழுதுமா அண்ணே?” என்றார். கேலியே இல்லாமல் கேட்டார், அதுதான் சுட்டது.

கண்டிப்பாக எழுதும் என்றேன். எழுதியிருக்கும். அதற்குள் பொறியாளர், என் பெட்டியைவிட நம்பகமான ஒன்று சந்தைக்கு வரப்போவதாகத் தகவல் அனுப்பிவிட்டார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் தையற்காரர் துணி பிழிந்துகொண்டிருந்த இடத்தில், அவரை விட்டுவிட்டு, ‘கார்டுக்குப் பதிலா சீக்கிரம் தேயாத ஒரு எஸ்எஸ்டி போட்டிருக்கலாமே இந்த ஆள்’ என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால் வீட்டில் மூச்சு விடாதீர்கள். எனக்கு மட்டும் எழுதுங்கள், எந்த மாடல் என்று.