நான் மேனேஜர் ஆன மழைநாள்

என் உத்தியோக வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனை, ஒரு மழைநாளில் குடை பிடித்துப் பத்து நிமிடம் நடந்ததுதான். இது எனக்கு உறைக்க மூன்று மாதமும் ஒரு மண்டபம் நிறைய ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

அப்போது நான் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் கிளார்க். மேனேஜர் பதவிக்கு இரண்டு பேரை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். ஒருத்தி நான். இன்னொருவர், கிள்ளான் கிடங்கைப் பதினைந்து வருடமாகக் கட்டி மேய்த்த செல்வம் அண்ணன். நேர்முகம் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில். என் அடுக்குமாடி வீடு இரண்டு தெரு தள்ளி. அன்று விடிவதற்குள் அண்ணன் குடியிருக்கும் கிள்ளானில் வெள்ளம். அண்ணன் வரவில்லை, போனும் கிடைக்கவில்லை. முதலாளிக்கு மதியம் விமானம், அதற்குள் ஆளை முடிவு செய்தாக வேண்டும். நான் மேனேஜர் ஆகிவிட்டேன்.

அதை என் திறமை என்று நம்பினேன் பாருங்கள், அங்கேதான் வினை. நடையே மாறியது. (இடியாப்பக்கார அக்காவிடம்கூட, “பாயிண்டுக்கு வாங்க” என்றேன்.) கிள்ளானில் ஒரு சங்கத்தார் வேலை தேடும் இளைஞர்களுக்குப் பேசக் கூப்பிட்டதும் கணவர் மோகனை வீடியோ எடுக்க இழுத்துக்கொண்டு ஓடினேன்.

“அன்னிக்கு நான் அஞ்சு மணிக்கே எழுந்துட்டேன். நேரத்துக்கு வர்றவங்களுக்குத்தான் கதவு திறக்கும்,” என்று முழங்கினேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா நிதானமாக எழுந்தார். அவர் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி செல்வம் அண்ணன்.

“என் வீட்டுக்காரரும் அன்னிக்கு அஞ்சு மணிக்கே எழுந்தாரும்மா. எழுந்து அலமாரி மேல ஏறி உக்காந்தாரு. எங்க வீட்டுக் கதவத் தண்ணிதான் தெறந்துச்சு.”

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. அண்ணனின் தோளும் குலுங்கியது. என் கையில் எழுதி வந்த பேச்சு இன்னும் பதினோரு பக்கம் மிச்சம்.

“உண்மைதான்க்கா. அண்ணே வந்திருந்தா இன்னிக்கு அவருதான் இங்க பேசியிருப்பாரு,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நான் அன்று பேசியதில் கைதட்டல் வாங்கிய ஒரே வரி அது.

திங்கட்கிழமை முதலாளிக்குப் போன் போட்டு, ஷா ஆலமில் திறக்கப்போகும் கிளைக்கு அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்றேன். கூப்பிட்டார். அந்தக் கிளையை நடத்திக் காட்டிய அண்ணன் இப்போது எனக்கும் மேலே. என் லீவு பாரத்தில் கையெழுத்துப் போடுவது அவர்தான்.

அந்த வீடியோ தீபாவளிதோறும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. அதில் அண்ணன் ஏறிய அலமாரி இல்லையே, அதனால் அதன் உயரத்தை மோகன்தான் விளக்குகிறார். முதல் வருடம் ஐந்தடி என்றார். போன தீபாவளிக்கு அது ஏழடி ஆகியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், விருந்துக்கு வந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த செல்வம் அண்ணன் சொன்னார்:

“இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொல்லுலா, மோகன்.”