டிக்கெட் இல்லாத பஸ்ஸின் கண்டக்டர்

உலகத்தில் எத்தனையோ கண்டக்டர்கள் இருக்கலாம். ஆனால் டிக்கெட்டே இல்லாத ஒரு பஸ்ஸில், யாரும் கேட்டுக்கொள்ளாமல், பைசா சம்பளம் வாங்காமல், வருஷக்கணக்கில் கண்டக்டராக இருந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் பஸ்ஸில் இருந்தார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

மறைமலைநகரில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. பத்திரிகையில் எழுத வருவதற்கு முன்னால் நான் அங்கே குவாலிட்டி பிரிவில் இருந்தேன். மாமல்லபுரத்தில் கிளம்பும் கம்பெனி பஸ், பூஞ்சேரி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று ஆட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். நான் பூஞ்சேரியில் ஏறுவேன். எல்லாரும் இறங்கப்போவது ஒரே கேட்டில், இதற்கு எதற்குக் கண்டக்டர்? இருந்தாலும் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த இவர், மாமல்லபுரத்தில் முதல் ஆளாக ஏறி, முன்படிக்கட்டுப் பக்கம் கம்பியில் சாய்ந்து நின்றுகொள்வார். பாதி பஸ் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்.

"உக்காருங்கண்ணா" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது சொல்லுவார்கள்.

"உக்காந்தா தூக்கம் வரும். நான் தூங்கிட்டா ரைட் யாரு சொல்றது? உங்க நைனாவா?"

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கண்டக்டர்தான். அவருடைய 'ரைட்' எங்கள் டிரைவர் ஏழுமலையின் வலது காலுக்குள் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு நாள் கண்டக்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பூஞ்சேரியில் எல்லாரும் ஏறியாகிவிட்டது, கதவும் மூடியாகிவிட்டது, வண்டி நகரவில்லை. ஏழுமலை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னாண்ணா, எடு வண்டிய."

"எடுக்கணும்னுதான் பாக்கறேன். காலு வரமாட்டேங்குது."

கடைசியில் கண்டக்டர் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, டிரைவர் காதருகே பிடித்தோம். இருமலுக்கு நடுவில் 'ரைட்' வந்தது. வண்டி புறப்பட்டது.

புத்தகம் எங்கள் பஸ்ஸுக்குள் நுழைந்தது பஸ் டிவி செத்துப்போன பிறகு. ஒரு நாள் கண்டக்டர் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மொழிபெயர்ப்பு நாவலோடு ஏறினார். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் புத்தகம், இன்ஜின் சத்தத்தை அடக்கும் குரலில் வாசிக்க ஆரம்பித்தார். கதாநாயகனின் பெயர் வந்ததும் தடுக்கி நின்றார். இரண்டாவது முயற்சியிலும் தோற்றார். "இது வாயில நுழையாது. பரமசிவம்னு வெச்சிக்குவோம்" என்றார். அன்றிலிருந்து எந்த நாட்டு நாவலாக இருந்தாலும் எங்கள் கதாநாயகன் பரமசிவம்தான். பரமசிவம் பனியில் நடந்தான், பரமசிவம் தேவாலயத்தில் அழுதான், பரமசிவம் குதிரை வண்டியில் ஏறி மனநல விடுதிக்குப் போனான்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். கண்டக்டர் படிப்பது ஒரே வகைப் புத்தகம். மனசு கலங்கியவர்கள், மற்றவர்களைப் போல யோசிக்காதவர்கள், ஊரார் ஒரு மாதிரி என்று ஒதுக்கியவர்கள் இவர்களைப் பற்றிய கதைகளைத் தவிர வேறு எதையும் அவர் தொட்டதில்லை. காதல், துப்பறிவு எதுவும் கிடையாதா என்று பேக்கிங் செக்‌ஷன் ஷமீமா அக்கா ஒருமுறை கேட்டார்.

"நல்லா கீறவன் கதைய இன்னாத்துக்குப் படிக்கணும்? அதான் தினமும் கேன்டீன்ல பாத்துகினு கீறமே" என்றார் கண்டக்டர்.

வாசித்து முடித்தால் சும்மா விடமாட்டார். ஒவ்வொருவரும் கருத்துச் சொல்ல வேண்டும். 'நல்லாருக்கு', 'சுமார்' எல்லாம் செல்லாது. அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "இந்த ஆளு நாளிக்கு நம்ம பஸ்ல ஏறனா சீட்டு உண்டா, இல்லியா?" கையைத் தூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஜன்னல் சீட், நடு சீட், ஸ்டேண்டிங், எறக்கி வுடு என்று நான்கு வகைத் தீர்ப்பு.

வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப வீட்டுக்கே ஓடி, கடைசியில் வேலையை விட்டுவிட்டுக் கதவுக்கே காவல் உட்கார்ந்துவிடும் பேராசிரியர் கதை ஒன்று. நவீன மனிதனின் சிதைவு என்று பின்னட்டையில் போட்டிருந்தது. ஏழுமலை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கருத்துச் சொன்னார்: "எங்க வூட்டுக்காரம்மா கேஸ் அடுப்ப மூடனமான்னு பாக்க பரனூர் டோல்கேட்ல இருந்து திரும்பி வந்துச்சு. அத்த எவன் புக்கு போட்டான்?" பேராசிரியருக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. அவர் காதுபட யாரும் பூட்டு, சாவி என்று பேசக்கூடாது என்ற நிபந்தனையும் நிறைவேறியது.

குழந்தையைப் பறிகொடுத்த பிறகு பேச்சே நின்றுபோன ஒரு பெண்ணின் கதை இன்னொன்று. ஷமீமா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "எம்பக்கத்துல உக்கார வைங்க. அது பேச வேணாம். ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிகினு வரேன்." அவரால் முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அதே ஷமீமா அக்கா ஒரு மேதை ஓவியனுக்குக் காட்டிய முகம் வேறு. அவன் மனம் நிலையில்லாமல் அலைகிறவன், ராத்திரியெல்லாம் படம் வரைகிறவன், பொழுது விடிந்தால் பெண்டாட்டியை அடிக்கிறவன். கலைஞனின் வேதனை என்று கண்டக்டரே கொஞ்சம் இளகினார். "அது சீக்கு இல்ல, திமிரு" என்றார் அக்கா. "சீக்குக்காரன் பக்கத்துல நான் உக்காருவேன். இவன எறக்கி வுடு." எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது. "எறக்கி வுடு, எறக்கி வுடு" என்று பஸ்ஸே அதிர்ந்தது.

துரதிர்ஷ்டம், அன்றைக்கென்று பார்த்துத் தன் கார் பழுதாகி, கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி செங்கல்பட்டில் எங்கள் பஸ்ஸில் ஏறியிருந்தார். ஓவியனைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. முதல் வரிசையில் அவர், அவருக்குப் பின்னால் உயர்ந்த கைகள், ஒரே கோஷம். மனிதர் வெளிறிப்போனார். டோல்கேட்டில் வண்டி மெதுவானதும், "எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கு" என்று இறங்கியே விட்டார். டோல்கேட்டில் அவருக்கு என்ன வேலை என்று இன்றுவரை தெரியவில்லை.

தீர்ப்புகளிலேயே கடுமையானது ஒரு எழுத்தாளருக்குக் கிடைத்தது. கடலோடு பேசும் ஒரு அப்பாவியை எங்களுக்குப் பிடிக்கப் பண்ணி, வாரக்கணக்கில் கூடவே கூட்டி வந்து, கடைசிப் பக்கத்தில் காரணமே இல்லாமல் சாகடித்துவிட்டார். கண்டக்டர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "முடிக்கத் தெர்ல. அதான் கொன்னுட்டான். பரமசிவம் உக்காரட்டும். எழுதனவன எறக்கி வுடு." ஓட்டெடுப்பே தேவைப்படவில்லை.

இப்படிக் காகிதத்து மனிதர்களுக்கெல்லாம் தாராளமாக ஜன்னல் சீட் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, நிஜமாகவே ஒரு பரீட்சை வந்தது.

இரும்பை உலையில் பழுக்க வைக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷனில் லோகு என்று ஒருவன். பின்சீட்டில் அவன் சிரித்தால் முன்சீட்டில் இருப்பவனுக்கும் சிரிப்பு வரும். அந்த லோகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தான். பிறகு உலை தன்னைப் பற்றியே பேசுகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாதங்கள் போயின. தேறிவிட்டான், வேலைக்கு வரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும் ஆபீஸ் முழு மனதோடு சம்மதிக்கவில்லை. ஒரு மாதம் ஒழுங்காக, நேரத்துக்கு வந்தால்தான் வேலை, இல்லாவிட்டால் கணக்கு முடிப்பு என்று சொல்லிவிட்டார்கள். இது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாள் பூஞ்சேரியில் என்னோடுதான் ஏறினான். மாத்திரையால் உடம்பு பருத்திருந்தது. எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. மாமல்லபுரத்தில் ஏறுகிறவர்கள் அடுத்தடுத்த நிறுத்தத்துச் சிநேகிதர்களுக்காகப் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவார்கள். பை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. எனக்கும் அப்படி ஒரு பை காத்திருந்தது, உட்கார்ந்தேன். லோகுவுக்கு யாரும் பை வைக்கவில்லை. அவன் பழைய இடத்திலும் இப்போது யாருடைய பையோ இருந்தது. அவன் ஒவ்வொரு பையாகப் பார்த்துக்கொண்டே நடந்து, பின்னால் போய், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான். எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே அவசரமாக எதையோ பார்த்தார்கள்.

ஏழுமலை கியரைப் போட்டார். ரைட் வரவில்லை.

"இன்னா கண்டக்டரே, டைம் ஆவுது."

"ஒருத்தன் நின்னுகினு கீறான்."

"நீங்கூடத்தான் நின்னுகினு கீற."

"நான் கண்டக்டரு."

பஸ்ஸில் அசைவில்லை. கம்பெனி சைரன் ஊதும் நேரம் எல்லார் மண்டைக்குள்ளும் ஓடியது. ஷமீமா அக்கா பொறுக்க முடியாமல் மெல்லச் சொன்னார்: "அண்ணே, லேட்டானா நமக்குப் பேஜாரு மட்டுந்தான். அந்தப் புள்ளைக்கு வேலையே பூடும்."

"அத்தத்தான் நானும் சொல்றேன்" என்றார் கண்டக்டர். அவர் குரல் ஒரு நாளும் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "எத்தினி பரமசிவத்துக்குக் கைய தூக்கிகீறீங்க. புக்குல கீறவனுக்கு ஜன்னல் சீட்டு, நம்ம வூட்டுப் புள்ளைக்கு ஸ்டேண்டிங்கா?"

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு நிமிரும். ஒரு பை எழுந்தது. அது மடியில் இறங்குவதற்குள் இன்னொன்று எழுந்தது. பிறகு பஸ் முழுக்க டிபன் பாக்ஸ்கள் மோதிக்கொள்ளும் சத்தம். ஒரு பை விடாமல் எல்லாம் மடிக்குப் போய்விட்டன. உட்கார இடமில்லாமல் தவித்தவனுக்கு இப்போது எதில் உட்காருவதென்று தெரியாத நிலைமை. ஷமீமா அக்கா கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஜன்னல் சீட்.

"ரைட்" என்றார் கண்டக்டர்.

அன்றைக்கு ஏழுமலை ஓட்டிய ஓட்டில் திருக்கழுக்குன்றம் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் எங்களுக்கு இடுப்பில் பதிந்தன. சைரன் ஊதும்போது கடைசி ஆள் கேட்டுக்குள் கால் வைத்துவிட்டார்.

ஆனால் அதற்கு முன்னால், செங்கல்பட்டு தாண்டியதும், லோகு வாயைத் திறந்தான். "இப்ப இன்னாண்ணா புக்கு ஓடுது?"

மனநல ஆஸ்பத்திரியில் நடக்கும் கதை. கண்டக்டர் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. தயங்கித் தயங்கி ஒரு அத்தியாயம் வாசித்தார். ஜன்னலில் நிலா, சுவரில் நிழல், மூலையில் அமர்ந்து தத்துவம் பேசும் நோயாளிகள். லோகு கடைசிவரை கேட்டான்.

"இவன் அங்க போனதே இல்லண்ணா" என்றான். "நிலாவ யாரு பாத்தா? மாத்திர போட்டா எட்டு மணிக்கே தூக்கம். அங்க பெரிய பிரச்சினையே டீதான். ஆறிப்போய்த்தான் வரும். அப்பறம் டிவி ரிமோட்டு, அதுக்கு தினமும் சண்ட. அதப் பத்தி ஒரு வரி கூட எழுதல." ஜன்னலிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்தான். "நம்ம பரமசிவம் மாதிரி ஒருத்தனையும் நான் அங்க பாக்கல. எல்லாம் நம்ம பஸ்ல வர்றவங்க மாதிரியேதான் கீறாங்க."

பஸ்ஸில் யாரோ சிரிக்க, லோகுவும் சிரித்தான். பழைய சிரிப்பில் பாதிதான் வந்தது, இருந்தாலும் முன்சீட்டுவரை கேட்டது. கண்டக்டர் புத்தகத்தை மூடி, "எழுதனவனுக்கு ஸ்டேண்டிங்" என்று தானே தீர்ப்பு எழுதினார். அந்த ஒரு மாதமும் லோகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. இன்னும் அதே உலையில்தான் வேலை பார்க்கிறான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வருகிற கதை எதுவானாலும் முதல் கருத்து அவனுடையதுதான்.

நான் இப்போது நிறைய நூல் விமர்சனக் கூட்டங்களுக்குப் போகிறேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் யாராவது ஒரு பரமசிவத்தின் இருண்ட மனதைப் பற்றி உருகும்போதெல்லாம், பக்கத்து நாற்காலியில் என் பை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இருந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். நான் எந்த பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன் என்பது எனக்கு மறக்கக்கூடாது.

கண்டக்டர் ரிட்டயர் ஆகி மாமல்லபுரத்தில் வீட்டில் இருக்கிறார். இதை எழுதப்போகிறேன் என்று போனவாரம் போன் போட்டுச் சொன்னேன்.

"என்னப் பத்தியா? நான் இன்னா பண்ணேன்?"

"சம்பளம் இல்லாம கண்டக்டரா இருந்தீங்களேண்ணா. பாதி சீட்டு காலியா இருந்தும் நின்னுகிட்டே வந்தீங்களே."

புத்தகத்தில் வருகிற ஆளாகத் தன்னை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப நானும் அந்த மாதிரி கேசுதானா" என்றார். பிறகு, இவ்வளவு வருஷமாக எங்களைக் கேட்ட கேள்வியை, கொஞ்சம் கூச்சத்தோடு, தனக்காகக் கேட்டார்: "நம்மளுக்கு சீட்டு உண்டா?"

"ஜன்னல் சீட்டுண்ணா. பஸ்ல எல்லாரும் கைய தூக்கிட்டாங்க."

"நான் நின்னுகினேதான் வருவேன்" என்றார். "ஆனா அந்த சீட்டு எம்பேர்ல இருக்கட்டும்."

"இருக்குண்ணா."

"ரைட்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.