கல்லுக்குள் ரத்தம் பார்த்தவர்

மூன்று ஞாயிறாக ஹட்டனிலிருந்து திம்புள்ளைப் பக்கம் வரும் பஸ்களில் நிற்கவும் இடமில்லை. கந்தப்பளையிலிருந்து லொறி பிடித்துக்கூட வந்தார்கள். எல்லாரும் ரத்தினக்கண் கஜேந்திர சுவாமியைத் தேடி வந்தவர்கள். பழைய நகையிலுள்ள சிவப்புக் கல் எங்கே பிறந்தது, எந்த ராணியின் கழுத்தில் கிடந்தது, யாரைக் கொன்றது என்று சுவாமி ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். எதிர்காலம் சொன்னால் என்றைக்காவது பொய்த்துப்போகும். சுவாமி விவரமானவர், இறந்தகாலம் மட்டுமே சொன்னார்.

தேயிலைத் தோட்டத்து மண்டபத்தின் ஜன்னல்களைக் கம்பளியால் மூடியிருந்தார்கள். சுவாமியின் தெய்வத்துக்கு வெயில் ஆகாதாம். ஊதா வெளிச்சம் தரும் சின்ன டோர்ச்சைக் கல்லின்மேல் அடிப்பார். தணல் மாதிரிச் சிவந்தால் உள்ளே ரத்தம், தோஷம். அந்தக் கல்லைக் கடலில் கரைக்க எடுத்துக்கொண்டு, மந்திரித்த கல்லொன்றைப் பதித்துத் தருவார். சிவக்காவிட்டால் கல் சுத்தம். பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

முதல் ஞாயிறே சண்முகவடிவு போனாள். புருஷன் செல்லசாமி குளவி கொட்டிச் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவளுடைய சிவப்புக் கல் தோடு, முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தபோது காதோடு வந்தது. வெளிச்சம் பட்டதும் கல் கனன்றது.

"தீக்குளிச்ச ராணியோட கல்லும்மா. கட்டினவனைக் காவு வாங்கிருச்சு. அடுத்தது மகன்."

வடிவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் அவள் பக்கத்தில் ஒருத்தியும் நிற்கவில்லை.

"குடுத்துத் தொலையேன் வடிவு," என்றாள் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அம்மாக்கண்ணு. தன் கல்லைக் கொடுத்து மாற்றிக்கொண்டவள். "ஒரு ஆளைத் தின்னது போதாதா?"

நானா கொன்றேன்? கொழுந்து கிள்ளும்போதெல்லாம் வடிவு தன்னையே கேட்டுக்கொண்டாள். கடைசியில் தோட்டைத் தங்கச்சி மகள் பிரியந்தியிடம் கொடுத்தனுப்பினாள். அவளுக்கு இரத்தினபுரியில் கற்களைச் சோதிக்கிற இடத்தில் வேலை. மூன்றாம் ஞாயிறு விடியற்காலை பஸ்ஸில் தோட்டோடு வந்து இறங்கினாள்.

"பெரியம்மா, கல்லுல குரோமியம்னு ஒண்ணு இருக்கு. அந்த லைட்டுல செவக்கிறது அதுதான். இரும்பு அதிகமா இருந்தா மங்கிரும். இதுல இரும்பு கொஞ்சம்தான். கலந்திருக்கிறதையெல்லாம் அளந்து பாத்துட்டோம். நம்ம நாட்டு மண்ணுல பொறந்த கல்லு."

"இந்தியாக் கல்லு இல்லியா?"

"இங்கருந்து கப்பல்ல போயி, நம்ம ஆளுங்க காதுல திரும்பி வந்திருக்கு."

"அப்ப ராணி?"

"இரும்பு தெரிஞ்சிச்சு, குரோமியம் தெரிஞ்சிச்சு. ராணி தெரியல."

வடிவு சிரிக்கவில்லை. "கண்ணாடிக் கல்லு செவக்குமா?"

"அநேகமா செவக்காது."

"அப்ப சாமி நல்ல கல்லாப் பாத்துத்தான் தோஷம் சொல்றாரு."

அன்றைக்கே இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். பிரியந்தி கொண்டுவந்த வேறொரு சிவப்புக் கல்லை வடிவு நீட்டினாள். டோர்ச் பட்டதும் அது அடுப்புக் கங்காக எரிந்தது. சுவாமி மெய்சிலிர்த்தார்.

"ஐந்நூறு வருஷத்துக் கல்லு! தீயில பொறந்தது! மூணு தலைமுறையைத் தின்னிருக்கு!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. ஐந்நூறுதானா?"

"ஒரு வருஷம் கூடக் குறையாது!"

பிரியந்தி ஜன்னல் கம்பளியை இழுத்துப் போட்டாள். "போன மாசம் ஆலையில தீயில உருக்கிச் செஞ்ச கல்லுங்க இது. நாங்க வேலை பழகுறதுக்கு வச்சிருக்கோம். தீயில பொறந்ததுன்னீங்களே, அது மட்டும் சரி."

பிறகு அதே மாதிரி டோர்ச் ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்தாள். கூட்டத்தில் நின்ற அம்மாக்கண்ணுவின் மந்திரித்த கல்லை வாங்கி, வெயில் படாமல் கைக்குள் பொத்தி, மந்திரம் சொல்லாமலே அடித்தாள். கல் சிவக்கவில்லை.

"பாத்தியா, தோஷம் போயிருச்சு!" என்றாள் அம்மாக்கண்ணு.

"கல்லும் போயிருச்சு அத்தை."

அம்மாக்கண்ணுதான் முதலில் சுவாமியின் பையைப் பிடுங்கினாள். கடலில் கரைத்த கற்கள் அத்தனையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நனையாமல் கிடந்தன. சுவாமி தன் எதிர்காலத்தைத் தேடிப் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கேயும் ஆட்கள் நின்றார்கள்.

"என்னைய மன்னிச்சிரு வடிவு," என்றாள் அம்மாக்கண்ணு. "அப்ப செல்லசாமி அண்ணனைக் கொன்னதுதான் எது?"

வடிவு தோட்டைக் காதில் மாட்டித் திருகினாள்.

"குளவிதான். ஏழாம் நம்பர் மலை மரத்துல கூடு இருக்குன்னு அந்த மனுசன் நம்மள வேலை வாங்குற கண்டாக்கையாகிட்ட மூணு தரம் சொன்னாரு. கூட வந்து பேசுங்கன்னு உங்களையும் கூப்புட்டாரு. ஒருத்தரும் வரல. இந்தக் கூட்டத்துல பாதிப்பேர் வந்திருந்தாப் போதும். கூடு இன்னமும் அங்கதான் தொங்குது. நாளைக்கு நமக்குக் கொழுந்து அந்த மலையிலதான். அதைப் பாக்க சாமியும் வேணாம், லைட்டும் வேணாம். தலைய நிமித்திப் பாருங்க."