மேனேஜர் இழுத்த நாற்பது கிலோ

பெருமதிப்பிற்குரிய கால்நடை மருத்துவரும் என் மனைவியின் ஒரே அண்ணனுமாகிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் உயிரோடும் ஓரளவு உடல்நலத்தோடும் இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாகவே இருப்பீர்கள். நலமில்லையென்றாலும் மருந்து அலமாரி தங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அளவை மட்டும் மாட்டுக்கு உரியதிலிருந்து குறைத்துக்கொண்டால் போதும்.

ஒரு வருடமாக எழுதாதவன் இன்று எழுதுவதால் சமாதானத்துக்கு வருகிறேன் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. தாங்கள் இரவல் வாங்கிப்போன என் அலுமினிய ஏணி இன்னும் தங்கள் வீட்டுப் பின்சுவரில்தான் சாய்ந்திருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. எடை அளவுத் துறையில், நான் தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஒருவனையே எனக்கு மேலதிகாரியாக உட்கார வைத்தபோது, "உங்களுக்கு மேலதிகாரியோட ஒத்துப்போற சுபாவமே இல்ல மாப்பிள்ளை, பேசாம விருப்ப ஓய்வு வாங்கிடுங்க" என்று தாங்கள் அருளிய யோசனையையும் மறக்கவில்லை. வாங்கினேன். ஒரு வருடம் ஆகிறது. அதுபற்றி இங்கே பேச வேண்டாம். இது அலுவல் கடிதம். ஒரு வாயில்லாப் பிராணியின் நியாயம் பற்றியது. தங்களிடமிருந்து எனக்கு வேண்டியது ஒரே ஒரு சான்றிதழ்.

விஷயம் இதுதான். எங்கள் தெரு முனையில் ஒரு சலவைக்கடை இருக்கிறது. நடத்துபவர் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும், ஒரு முழங்கால் மடங்காது. துவைத்து இஸ்திரி போட்ட துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க அவரிடம் ஒரு சின்ன இரண்டு சக்கர வண்டி உண்டு. அதை இழுப்பது ஒரு நாய். பழுப்பு நிறம், அகன்ற மார்பு, ஒரு காது நின்றும் ஒரு காது மடிந்தும் இருக்கும். காலை ஐந்தரை மணிக்கு அந்த வண்டி எங்கள் வீட்டைக் கடக்கும். ஓய்வுபெற்ற நாளிலிருந்து ஐந்தரை மணிக்கு நானும் கேட்டருகில் நிற்பது வழக்கமாகிவிட்டபடியால், அந்தக் கொடுமையைத் தினமும் காணும்படி ஆயிற்று. பதினைந்து நாளைக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டியில் துணி மூட்டைகள் கழுத்துயரம் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே போய் நின்றேன்.

"ஏம்மா, வாயில்லாத ஜீவனைப் போட்டு இப்படி வதைக்கிறீங்களே, நியாயமா?"

"யாரு, மேனேஜரையா?" என்றார் அந்த அம்மாள்.

நாயின் பெயர் மேனேஜர். வேலை முடிந்ததும் கடைவாசலில் படுத்துக்கொண்டு, இந்த அம்மாள் இஸ்திரி போடுவதைக் கண் எடுக்காமல் மேற்பார்வை செய்கிறதாம். அதனால் அந்தப் பெயராம். நான் இருபத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்துக் கடைசிவரை அடையாத பதவியை ஒரு நாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மச்சான், அந்த எரிச்சலில் நான் செய்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் தங்கை ஏற்கெனவே அப்படிச் சொல்லிவிட்டாள்.

"அது இந்த வேலைக்குச் சம்மதிச்சுதா?" என்று கேட்டேன்.

"சார், நீங்க ஆபீசு போன காலத்துல தினம் காலையில சம்மதிச்சா கிளம்பிப் போனீங்க?"

பதில் இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் சொல்வதற்காக வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே புகார் கொடுத்தேன். பிராணிகள் பிரிவில் ஒரே ஒரு எழுத்தர்தான். இருபத்திரண்டு கட்டங்கள் உள்ள படிவத்தை அவர் படிக்கப் படிக்க நான் நின்றபடியே நிரப்பினேன். பாரத்தின் எடை என்ற கட்டத்தில் நாற்பது கிலோ என்று எழுதினேன். எழுத்தர் புருவத்தை உயர்த்தி, "நாற்பதா சார்?" என்றார். என் முன்னாள் பதவியைச் சொன்னேன். புருவம் இறங்கிவிட்டது. கால் நூற்றாண்டு தராசைப் பார்த்த கண்ணுக்கு ஒரு மரியாதை இல்லாமலா போய்விடும்? விசாரணை வரும் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு. அதுவரை நாயைக் காப்பகத்தில் வைக்கலாம் என்றால் அங்கே இடமில்லையாம். ஆகவே புகார் கொடுத்தவரே பராமரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். தீர்ப்பு என் பக்கம் வந்தால் மேனேஜர் நிரந்தரமாக என் வீட்டில்தான்; அந்த அம்மாள் பக்கம் போனால் மறுபடியும் வண்டிக்கு. அம்மாள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "மேனேஜர் வரலைன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான் சார், என் காலுக்கு இந்தத் தெருவெல்லாம் ஆகாது" என்று மட்டும் சொல்லி, நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். அடியில் ஓட்டையில்லாத நல்ல கிண்ணம்.

சுதந்திரம் அடைந்த பிராணி என்ன செய்யும்? ஓடும், விளையாடும், உருளும். நானும் அதைத்தான் எதிர்பார்த்து, கூடத்தில் என் பழைய மெத்தையை மடித்துப் போட்டேன். மேனேஜர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தாங்கள் என் கல்யாணத்தில் என்னைப் பார்த்த அதே பார்வை பார்த்தது. மறுநாள் ஐந்தரைக்கு கேட்டருகில் போய் நின்றது. நானும் நின்றேன். கொஞ்ச நேரம் இருவரும் தெருவைப் பார்த்தோம். பிறகு அது உள்ளே வந்து துணி உலர்த்தும் ஸ்டாண்டுக்கு நடுவில் தலையை நுழைத்து, ஸ்டாண்டையும் உங்கள் தங்கையின் நான்கு புடவைகளையும் வாசல்வரை இழுத்துக்கொண்டு போயிற்று. ஸ்டாண்டை மடித்து வைத்தேன், நாற்காலியை இழுத்தது. நாற்காலியை மேலே ஏற்றினேன்; மிதியடியை இழுத்தது. மூன்றாம் நாள் கயிற்றை என் கட்டில் காலில் கட்டிவிட்டு மத்தியானம் கண்ணயர்ந்தேன். விழித்துப் பார்த்தால் கட்டில் நடைவழியில் நிற்கிறது, நான் அதன்மேல் படுத்திருக்கிறேன், எதிர்வீட்டுத் தையற்காரர் ஊசியும் கையுமாக வாசலில் நின்று, "எங்க சார் பயணம்?" என்று கேட்கிறார்.

சரி, நடை பழக்கலாம் என்று கயிறு போட்டு வெளியே அழைத்துப் போனேன். அழைத்துப் போனேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது தன் பழைய வரிசைப்படி முப்பத்தொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொன்றாக நின்றது. கதவு திறக்கும்வரை நகரவில்லை. கதவைத் திறந்தவர்களோ என்னைப் பார்த்து, "அப்பாடா, ஆள் போட்டுட்டாங்களா?" என்று சொல்லி அழுக்கு மூட்டையை நீட்டினார்கள். நான் முதுகலைப் பட்டம் பெற்றவன், ஓய்வுபெற்ற ஆய்வாளர், இந்தப் புகாரின் மனுதாரர் என்று மூன்று வீடுகளில் விளக்கினேன். நான்காவது வீட்டிலிருந்து விளக்குவதை விட்டுவிட்டேன். ஒன்பது மூட்டைகளோடு வீடு திரும்பியபோது உங்கள் தங்கை வாசலில் நின்றாள்.

நான் அவளுக்குத் தர்மத்தை எடுத்துச் சொன்னேன். நாயின் தோள் மாட்டின் தோள் அல்ல, அதன் பாதம் குளம்பும் அல்ல. வேலையை விட்டுப் போக உரிமை இருந்தால்தான் அது உழைப்பு, இல்லையென்றால் அடிமைத்தனம். நாய்க்கு ராஜினாமாக் கடிதம் எழுதத் தெரியாது என்பதற்காக அதன் தலையில் வேலையைக் கட்டலாமா என்று கேட்டேன்.

"உங்களுக்கு எழுதத் தெரிஞ்சு என்ன ஆச்சு?" என்றாள் உங்கள் தங்கை. "எழுதிக் குடுத்துட்டு ஒரு வருஷமா காலையில கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. இப்போ அதையும் கூட நிக்க வெச்சாச்சு. அந்தம்மா துணியை முதல்ல கொண்டுபோய்க் குடுங்க."

பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சு, வேறென்ன சொல்ல. ஆனால் ஒரு நாய் செய்யும் வேலையை மனிதன் செய்ய முடியும் என்று நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது. நேற்றுக் காலை சலவைக்கடைக்குப் போய் வண்டியை நானே வாங்கி இழுத்தேன். மேனேஜர் என் பக்கத்தில் சும்மா நடந்து வந்தது. சமதரையில் எல்லாம் சரியாகவே போயிற்று. சக்கரம் இவ்வளவு லேசாக உருளும் என்று நான் நினைக்கவில்லை, அது தற்சமயம் இருக்கட்டும். பல் மருத்துவமனைக்கு இறங்கும் சரிவில்தான் வண்டி என்னை முந்த ஆசைப்பட்டது. நான் முன்னால் ஓடினேன். வண்டி என் குதிகாலைத் துரத்தியது. நிறுத்தலாம் என்றால் பிரேக் கிடையாது. கடைசியில் நானும் வண்டியும் டாக்டர்களின் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டுகளும் முடிதிருத்தும் கடைக்குள் போய் நின்றோம். உள்ளே பெஞ்சில் காத்திருந்தவர், "அடுத்து நான்தாங்க, நீங்க வரிசையில வாங்க" என்றார். பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்த அம்மாள் கோட்டில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டு, "எறக்கத்துல பின்னால ஒருத்தர் கயித்தைப் பிடிச்சுக்கணும் சார். அதை மட்டும் மேனேஜர்கிட்ட விடமாட்டேன், நான்தான் பிடிப்பேன். இந்த மாசமா என் காலுதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்றார். மேனேஜர் வண்டியின் முன்பக்கத்துக்குப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டது.

இவை எல்லாம் என் நிலையை உறுதிப்படுத்துகின்றனவே தவிர அசைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் ஜெயிப்பது உறுதி. தாங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நாற்பது கிலோ பாரத்தைத் தினமும் இழுத்தால் அந்த அளவுள்ள நாயின் தோளும் இடுப்பும் கெட்டுவிடும் என்று தங்கள் முத்திரையோடு நாலு வரி எழுதி, வியாழக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்பி வைக்கவும். பொய் எழுதச் சொல்லவில்லை. நாற்பது கிலோ இழுத்தால் கெடத்தானே செய்யும்? மேனேஜருக்கு வேண்டிய வசதிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். உண்மையில், நான் கேட்டைத் திறக்கும்போது எழுந்து வரும் ஒரு ஜீவன் வீட்டில் இருப்பது அத்தனை மோசமான விஷயமாகவும் தெரியவில்லை.

தங்களுக்கு ஆசி கூறும் வயது எனக்கு இல்லை. ஆகவே அதைத் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடவும். தங்கள் துணைவியாருக்கு என் விசாரிப்புகள். உங்கள் தங்கை தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். இடம் போதாததால் சுருக்கமாகத் தெரிவித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏணியை மறவாத,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் தங்களுக்கு அனுப்பலாமென்று புகார்ப் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அளந்தது / மதிப்பிட்டது' என்று இருக்கிறது. நான் 'அளந்தது' என்பதில் குறியிட்டிருக்கிறேன். மச்சான், நான் அளக்கவில்லை. இருபத்து நான்கு வருடத்தில் ஒரு காய்கறிக்கடைக்காரர்கூட என்னிடம் கண்மதிப்பைச் சொல்லித் தப்பியதில்லை. ஐம்பது கிராம் குறைந்த எடைக்கல்லுக்குக் கையெழுத்துப் போட மறுத்துத்தான் நான் பதவி உயர்வை இழந்தேன், அது உங்களுக்கும் தெரியும். பெட்டியிலிருந்து வில்தராசை எடுத்துக்கொண்டு மேனேஜரோடு கடைக்குப் போனேன். மூட்டை மூட்டையாக நிறுத்தேன். வண்டி, துணி, மேலே மூடும் தார்ப்பாய் எல்லாம் சேர்த்துப் பதினேழு கிலோ நானூறு கிராம். தராசை வண்டியின் முன்கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்ததில், சமதரையில் இழுவை இரண்டு கிலோகூட இல்லை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி என் எடையைக் கழித்தேன், முப்பத்தொரு கிலோ. அது என் கண்ணாடியை நக்கியதால் இரண்டாம் முறையும் ஏற வேண்டியிருந்தது. பாதங்களில் வெடிப்பில்லை, தோளில் வார் உராய்ந்த தடமில்லை.

"நாப்பதுன்னா எழுதினீங்க?" என்றார் அம்மாள். "நாப்பது கிலோ துணி வந்தா நான் இந்நேரம் ரெண்டாவது கடை திறந்திருப்பேனே சார்!"

புகாரைத் திரும்பப் பெற்று, 'அளக்காமல் அளந்ததாகச் சொன்னது என் தவறு' என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். எழுத்தர் இரண்டு புருவத்தையும் உயர்த்தினார், உயர்த்தட்டும். ஆகவே மேலே கேட்ட சான்றிதழ் வேண்டாம். பதிலாக ஒருநாள் தாங்களே வந்து மேனேஜரின் தோளை முறையாகப் பாருங்கள். சிறு குறையிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், அன்றைக்கே வண்டிக்கு முன்னால் நான் நின்றுகொள்கிறேன். நான் கண்ட குறை ஒன்றுதான்: சரிவில் கயிற்றைப் பிடிக்கப் பலமுள்ள ஆள் இல்லை. அந்த இடம் இன்று நிரப்பப்பட்டுவிட்டது. வரும்போது ஏணியை எடுத்துவர வேண்டாம், தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்; அதில் ஏறி இறங்க எனக்கு இனி நேரமிருக்காது. ஐந்தரைக்கு வேலையில் இருக்க வேண்டும். மேலதிகாரி கண்டிப்பானவர்தான்; ஆனால் இன்று கடைவாசலில் அவிழ்த்துவிட்டதும் நேரே வண்டிக்குப் போனவர், நின்று, நான் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்து வாலை ஆட்டினார். என்னைப் பார்த்து அப்படிச் செய்த முதல் மேலதிகாரி அவர்தான்.